பம்பருக்கு ஒட்டுப் போட்ட கதை

கார் பம்பர்னு நாம சொல்றோமே, அது பம்பரே இல்லைங்க. வெளியில பளபளன்னு தெரியறது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதுக்குப் பின்னாடி ஒரு நுரைக்கட்டை, அதுக்கும் பின்னாடி ஒரு இரும்புச் சட்டம். மோதினா தாங்கறது இவங்க ரெண்டு பேரும்தான். அதுவும் எவ்வளவு? அமெரிக்காவுல 1982-ல விதியைத் தளர்த்தினதுக்கு அப்புறம், மணிக்கு இரண்டரை மைல் வேகத்துக்குத் தாங்கினா போதும். அதுக்கு முன்னாடி ஐந்து மைல். இரண்டரை மைல்னா எங்க பாட்டி கோயிலுக்கு நடக்கற வேகம் :-)

பிப்ரவரிக் குளிர்ல காலேஜ் பார்க்கிங்ல யாரோ ஒரு புண்ணியவான் ரிவர்ஸ் எடுத்து என் கார் பின்பக்கத்துல இடிச்சுட்டு, ஒரு துண்டுச் சீட்டு கூட வைக்காம போயிட்டார். குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சுக் கிடக்கும். வளையறதுக்குப் பதிலா கீறிடும். ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நான் எடுத்திருக்கறதோ அடுத்தவன் காருக்கு மட்டும் காசு தர்ற இன்சூரன்ஸ். பாடி ஷாப்ல 900 டாலர் கேட்டாங்க. காரை வாங்கினதே 3,400-க்கு! மே மாசம் படிப்பு முடிஞ்சு கிளம்பணும், காரை ஒரு ஜூனியர் பையன் வாங்கிக்கறதா பேச்சு.

"மச்சி, ஃபெவிக்விக் ஊத்தி அமுக்கிப் பிடி, முடிஞ்சது"ன்னான் ரூம்மேட். முடியாது. மூடியோட உள்பக்கத்துல எந்த பிளாஸ்டிக்னு அச்சடிச்சிருக்கும். என்னோடதுல 'பிபி + ஈபிடிஎம் - டி20'. அதாவது பாலிபுரொப்பிலீன், கொஞ்சம் ரப்பர், 20 சதவீதம் டால்க் பவுடர். பாலிபுரொப்பிலீன் மேல சாதாரணப் பசை தாமரை இலைத் தண்ணீர்தான். வீடியோக்கள்ல பாதிப் பேர் ஜிப் டையை உருக்கி ஊத்தச் சொல்றாங்க. ஜிப் டை நைலான். அது உருக 260 டிகிரி பக்கம் வேணும், பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியிலயே உருகிடும். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், ஆறினதும் தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துடும்.

இன்னொரு யோசனை, ஒரு சீவலைத் தண்ணியில போடு, மிதந்தா பாலிபுரொப்பிலீன்னு. டால்க் கலந்தது முங்கினாலும் முங்கும், அதை நம்பாதீங்க. ஒளிவான ஒரு மூலையில அதே வகைக் குச்சியைக் கொஞ்சம் உருக்கி ஒட்டி, ஆறினப்புறம் இழுத்துப் பாருங்க. வரலைன்னா ஜாதகம் பொருந்துது.

சின்ன வயசுல எங்க தெருவுல உடைஞ்ச குடம், பக்கெட்டுக்கு ஒட்டுப் போடறவர் வருவார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மூட்டையிலிருந்து பழைய பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு ரெண்டு எடுத்துச் சுரண்டிப் பார்த்துட்டு, "இது சேராதும்மா"ன்னு வேற எடுப்பார். நான் இங்க செஞ்சதும் அதே வேலைதான், கம்பிக்குப் பதிலா சால்டரிங் அயர்ன்.

அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல கார் வேலை பார்க்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. மதுரைக்கார சீனியர் அண்ணன் வீட்டு கராஜ்ல ஏப்ரல்ல இடம் கிடைச்சது. மூடியைக் கழட்டினா சட்டம் நேரா இருக்கு, நுரைக்கட்டை மட்டும் ஒரு மூலையில நசுங்கிப் பொடிஞ்சு போயிருக்கு.

"வெளியில தெரியாதுல்ல, விட்ருடா தம்பி"ன்னார் அண்ணன்.

"ஓட்டப்போறது அந்தப் பையன்ண்ணே."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவரே கார் சாவியை எடுத்தார். பழைய கார்களை உடைச்சு விக்கற யார்டுல 35 டாலருக்கு நல்ல நுரைக்கட்டை கிடைச்சது.

இனி வேலை. சோப்புத் தண்ணி, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சேன். விரிசல் முடியற நுனியில 3 மில்லிமீட்டர் ஓட்டை. இல்லேன்னா கீறல் மேற்கொண்டு ஓடும். முதல்ல உள்பக்கம் ரெண்டு விளிம்பையும் உருக்கிச் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகு வலையைச் சூட்டுல அழுத்திப் புதைச்சு, மேல பிபி குச்சியை உருக்கிப் பூசணும். அப்புறம் வெளிப்பக்கம் 'வி' மாதிரி பள்ளம் வெட்டி நிரப்பணும். புகை வந்தா சூடு அதிகம். பிளாஸ்டிக் உருகணும், கருகக் கூடாது. கதவைத் திறந்து வையுங்க, கரி ஃபில்டர் மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் இந்த ஆவிக்கு ஆகாது.

தேய்க்கறதுதான் பொறுமையைச் சோதிக்கும். 80, 180, 320-ன்னு உப்புத்தாள் மாத்தி மாத்தி ஒரு முழு மதியம், தோள்பட்டை கழண்டுபோச்சு. அப்புறம் பிளாஸ்டிக்ல பெயிண்ட் பிடிக்க வைக்கற அடிஷன் ப்ரமோட்டர், ப்ரைமர், கலர், க்ளியர் கோட். கலர் நம்பர் டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருந்தது. ஆனாலும் வெயில்ல பார்த்தா ஒட்டுப் போட்ட இடம் ஒரு மாத்துக் கூட. வெயில்ல வெளிறின வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அப்படித்தான்.

புதுசான கார் வச்சிருக்கறவங்க கவனம்: மூடிக்குப் பின்னாடி ரேடார் இருந்தா அதுக்கு நேரா இந்த வேலை வேண்டாம். பூச்சுத் தடிமன் கூடினாலே அதுக்குக் கண்ணு மங்கிடும்.

மொத்தச் செலவு, நுரைக்கட்டையோட சேர்த்து 140 டாலர். சனிக்கிழமை அந்தப் பையன் பார்க்க வர்றான். விலையில 200 குறைச்சிருக்கேன். கழட்டினப்போ எடுத்த போட்டோ எல்லாம் பிரிண்ட் போட்டு க்ளவ் பாக்ஸ்ல வச்சாச்சு. பார்த்துட்டு அவன் வேண்டாம்னு சொன்னா வேற ஆள் தேடணும். மேக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.