மீந்துபோன சொட்டு மருந்து

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு வடிந்த கையோடு, தில்லியில் வீட்டுக்கு வீடு கண் சிவந்தது. சென்னைக்காரர்களின் 'மெட்ராஸ் ஐ' அங்கே 'ஐ ஃப்ளூ'.

மயூர் விஹாரில் ஓர் அம்மா, மகனின் கண்ணைப் பார்த்ததும் ஃபிரிஜ்ஜைத் திறந்தார். மாமனாரின் கண்புரை ஆபரேஷனுக்குப் பின் மீந்த சொட்டு மருந்து. நியோமைசின், பாலிமிக்சின் என்று இரண்டு ஆன்டிபயாடிக். கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. காலாவதியாக இன்னும் ஓராண்டு இருந்தது. (திறந்த ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும் என்ற பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?) இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. அம்மாவுக்குப் பெருமை. பத்தாம் நாள் பையன் வெளிச்சத்துக்குக் கூசினான். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றான்.

கண் டாக்டர் முதலில் கேட்டது மருந்தின் பெயரை. ஓர் ஆன்டிபயாடிக்குக்குத் தப்பும் பாக்டீரியா இன்னொன்றில் சிக்கும், அதற்காகத்தான் கூட்டு மருந்து என்று விளக்கினார். ஆனால் அந்த மழைக்காலத்தில் தில்லியில் பரவியது பெரும்பாலும் வைரஸ். அதனிடம் இரண்டுமே பலிக்காது. சிவப்பைக் குறைத்தது ஸ்டீராய்டு. வைரஸ் கண்ணில் தங்கும் நாட்களை அதுவே நீட்டிக்கவும் கூடும். ஹெர்பிஸாகவோ பூஞ்சையாகவோ இருந்திருந்தால் கருவிழியே புண்ணாகிப் பார்வைக்கு ஆபத்தாகியிருக்கும். பையனுக்குக் கருவிழியில் மங்கலான புள்ளிகள் மட்டும். மறைய மாதங்கள் ஆகலாம்.

வீடு திரும்பிய அம்மா நேராகப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். "கைகண்ட மருந்து" என்று பாட்டிலை அவர்களுக்கு இரவல் கொடுத்திருந்தார்.