காருக்கும் காது உண்டு

தீபாவளிக்கு வந்த பேரன் புதுக் காரில் வத்திராயிருப்பு வரை அழைத்துப் போனான். முன்னால் போன டிராக்டர் சட்டென்று நின்றது. அவன் கால் வைக்கும் முன்பே கார் தானாக பிரேக் போட்டது. "முன்னால ரேடார் இருக்கு தாத்தா" என்றான்.

"அதை யாராவது ஏமாத்தினா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். சிரித்தான். சாயங்காலம் கூமாப்பட்டி திண்ணையில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னான்.

பொழுது சாய்ந்ததும் பூச்சி பிடிக்கப் பறக்கும் சின்ன வௌவால், குரல் கொடுத்து எதிரொலியைக் கேட்டுத்தான் வழி அறிகிறது. காரின் ரேடாரும் அப்படியே. ஒலிக்குப் பதில் சுமார் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரமும் வேகமும் கணக்கிடும். வௌவாலையே குழப்பும் அந்துப்பூச்சி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது டிக் டிக்கென்று ஒலி எழுப்பித் தப்பிப்பதை 2009-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

காரிலும் இது நடக்கும். 2016-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், டெஸ்லா காரின் ரேடாருக்கு எதிரே அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பிய சோதனையை ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எதிரே இருந்த பொருள் திரையிலிருந்து மறைந்துபோனது. நல்லவேளை, அதற்குப் பெரிய, விலை உயர்ந்த கருவிகள் தேவைப்பட்டன.

இரைச்சல் ஒரு வகை. பொய் எதிரொலி இன்னொரு வகை. முதலாவதில் இருக்கும் லாரி தெரியாது. இரண்டாவதில் இல்லாத லாரி தெரியும். நான்குவழிச் சாலையில் காரணமில்லாமல் பிரேக் விழுந்தால், பின்னால் வருகிற பஸ் என்ன செய்யும்?

தற்காப்பு வழிகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் அலையின் போக்கையும் நேரத்தையும் மாற்றி அனுப்பினால், பொய்க்குரல் ஒத்துவராது. நடுநடுவே அனுப்பாமல் சும்மா கேட்டுப் பார்க்கலாம். நாம் கூப்பிடாதபோதே பதில் வந்தால், அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். ரேடார் சொல்வதைக் கேமராவோடும் ஒத்துப் பார்க்கலாம்.

எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. வவுச்சரை லெட்ஜரோடு ஒத்துப் பார்க்காமல் நாங்கள் பில் பாஸ் பண்ணியதில்லை. பொய் பில்லை விடுவதும் தப்பு, நியாயமான பில்லை நிறுத்தி வைப்பதும் தப்பு. இரண்டு கணக்கும் முரண்பட்டால் மேலதிகாரியிடம் போகும். காரில் அந்த மேலதிகாரி டிரைவர்தான். சந்தேகம் வந்தால் கார் அவரை எச்சரிக்க வேண்டும். அவரும் விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் சென்னைக்குக் கிளம்பியவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "காருக்கு ஆயிரம் காது இருக்கட்டும்ப்பா. உன் கால் பிரேக் பக்கத்திலேயே இருக்கட்டும்."