தன் மனைவியா, அவன் மனைவியா?

ஸ்டாக்ஹோமில் ஒரு மாலை வகுப்பு. மதுரையில் கணக்கு டீச்சராக இருந்தவர் இங்கே மாணவி. தமிழில் ஒரே ‘என்’. ஸ்வீடிஷ் மொழியில் அதற்கு மூன்று வடிவங்கள். என் கார் ‘மின் பீல்’, என் வீடு ‘மித் ஹூஸ்’, என் கார்கள் ‘மீனா பீலார்’. சொல்பவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டே அல்ல. பெயர்ச்சொல் இரண்டு வகையில் எது, ஒருமையா பன்மையா என்பதுதான் கணக்கு. எது எந்த வகை? பெரும்பாலும் மனப்பாடம்தான்.

அதைத் தாண்டிவிட்டார். இடறியது அடுத்த வாக்கியத்தில்: ‘அவன் தன் மனைவியை நேசிக்கிறான்.’ ஆங்கில ‘ஹிஸ்’ஸை நினைத்து ‘ஹான்ஸ் ஃப்ரூ’ என்றார். வகுப்பே சிரித்தது. அப்படிச் சொன்னால் அவன் நேசிப்பது வேறொருவன் மனைவியை! ‘சின் ஃப்ரூ’ என்பதே சரி. இருபது வருடம் மற்றவர்களின் விடைகளைத் திருத்தியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வீடு திரும்பும் ரயிலில்தான் பொறி தட்டியது. ‘சின்’ என்பது நம்முடைய ‘தன்’ அல்லவா? ஆங்கிலத்தில் இல்லாத இந்த வசதி தமிழில் உண்டே! ‘அவனும் அவன் மனைவியும் வந்தார்கள்’ என்பது போல எழுவாயில் வரும்போது மட்டும் ‘சின்’ கூடாது, ‘ஹான்ஸ்’தான்.

இப்போதெல்லாம் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கிறார். ஆங்கிலத்தைக் கேட்பதில்லை.