கடுகு வைரம்

வைரம் தொலைந்துபோன வீட்டில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? சென்ற மாதம் நான் இருந்தேன். உடனே என் மனைவியின் தோட்டை நினைத்து அனுதாபப்பட வேண்டாம். அவளிடம் வைரத் தோடு இருந்தால்தானே தொலைவதற்கு! தொலைந்தது, ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்க வந்த பெரியவரின் வைர ஊசியிலிருந்த கல். கடுகளவுதான், நிறமும் ஏறக்குறையக் கடுகு நிறம்.

கோடு கிழித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "கல்லு விழுந்துடுச்சு, ஸார். எங்க அப்பா வெச்சிருந்த ஊசி" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

தரையெல்லாம் கண்ணாடித் துணுக்கு. அத்தனையும் வைரமாக மின்னின, வைரத்தைத்தான் காணோம்!

அந்தக் கடுகு சாமானியப்பட்டதல்ல, வாசகர்களே. சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நேர் கீழே பூமிக்குள் போனால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு; நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் சுமார் 50,000 மடங்கு அழுத்தம். அந்த நெருக்கடியில்தான் கரி வைரமாகிறது. எரிமலைக் குழம்பு அதை வாரிக்கொண்டு வேகமாக மேலே வந்தால் பிழைத்தது. நிதானமாக வந்தாலோ, பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டாகிவிடும்.

பிழைத்து வருபவற்றிலும் ஏராளமானவை காதுக்கு லாயக்கில்லாதவை: பொடி, கீறல், அழுக்கு நிறம். காங்கோவில் ம்பூஜி-மாயி சுரங்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஆனால் உழைப்பதென்னவோ இவைதாம். பாறையைத் துளைக்கும் குழாயின் விளிம்பில் இவற்றைப் பதிப்பார்கள். பொடித்தால், தோட்டு வைரத்துக்குப் பட்டை தீட்டலாம். குண்டு பல்புக்குள் தலைமயிரைவிட மெல்லியதாக ஒரு கம்பி இருக்குமே, டங்ஸ்டன் கம்பி, அதை எப்படி இழுத்தார்கள் தெரியுமா? வைரத்தில் நுண்ணிய துளை போட்டு, அதன் வழியாகத்தான்!

கண்ணாடி அறுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கல்லின் இயற்கையான வளைந்த விளிம்பு சரியான சாய்வில் பட்டால்தான் கண்ணாடி ஒழுங்காகப் பிளக்கும் என்று 1816-ல் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எழுதினார். பெரியவர் அதைப் படித்ததில்லை. அவர் கைக்கு அந்தச் சாய்வு தெரியும்.

1954-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் வைரத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். இன்று தொழிற்சாலைகளில் உழைப்பவை பெரும்பாலும் அப்படிச் செய்யப்பட்டவையே. இதைச் சொல்லி அவரைத் தேற்றலாமா என்று யோசித்தேன். முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கிம்பர்லி ஞாபகம் வந்தது. தென்னாப்பிரிக்காவிலுள்ள அந்த ஊர்ச் சுரங்கத்தில், நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய மேஜைமேல் ஓடவிட்டார்கள். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். மற்றக் கற்கள் நனைந்து ஓடிப்போகும். வைரம் மட்டும் நின்றுவிடும்.

என் மனைவியின் வாஸலின் டப்பா காலியாயிற்று. எவர்சில்வர் தட்டில் தடவி, தரையைக் கூட்டி அள்ளியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டு, குழாயடியில் பிடித்தேன். புத்தகத்தில் சொன்னபடி அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. கண்ணாடியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு முறம் குப்பை, ஒரு சிட்டிகையாகக் குறைந்தது. பெரியவர் அதை விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தார்.

"இதோ, ஸார்!"

கையில் வைத்துக் காட்டினார். எனக்கு இன்னமும் அது கடுகாகத்தான் தெரிந்தது.

மறுபடி பித்தளையில் பதிக்க வேண்டும் என்று காகிதத்தில் மடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஜன்னலில் இப்போதைக்கு அட்டைதான்.