ஆறு யூனிட்

2023 மே மாதம், கத்திரி வெயில். சென்னையில் அப்போது சமையல் சிலிண்டர் 1118 ரூபாய் 50 காசு. அதைக் கொடுத்த கையோடு கரண்ட் பில்லும் வந்தது. இரண்டு மாதத்துக்கு 506 யூனிட், 1998 ரூபாய்!

500-க்குள் நின்றிருந்தால் 1725தான். அப்போதைய கட்டணப்படி தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு என்றிருந்த சலுகை போய், அதற்கும் 4 ரூபாய் 50 காசு ஆனது. ஆறு யூனிட்டுக்கு 273 ரூபாய் தண்டம்! நாள் முழுக்கப் புலம்பித் தீர்த்தேன்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், மாமியார் அறையில் ஃபேன் ஓடவில்லை. 78 வயது, பிரஷர் வேறு. வியர்வையில் நனைந்து, விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அத்தை?"

"உனக்குச் செலவும்மா. எனக்குப் பழகிடுச்சு."

பழகிடுச்சா? எத்தனை நாளாக? கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்விட்சைப் போட்டேன்.

ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு ஃபேனுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இப்போது கூடத்தில் வெறுமனே ஓடும் டி.வி.யைத்தான் முதலில் நிறுத்துகிறேன்.

விலைவாசியைத் திட்டுவோம், திட்டத்தான் வேண்டும். ஆனால் அது யார் காதில் விழுகிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே!