தூதும் படையும்

திருக்குறட் பொருட்பாலில் தூதும் உண்டு, படைமாட்சியும் உண்டு. இவற்றுள் எது சிறந்தது என மாணவர் வினவுங்கால், யான் 1962 அக்டோபர் நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவது வழக்கம். சோவியத்து நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவியது கண்டு, உடனே தாக்குக என அமெரிக்கப் படைத்தலைவர்கள் வற்புறுத்தினர். குடியரசுத் தலைவர் கென்னடியோ கடல்வழியை மறித்துக்கொண்டே குருசேவுடன் கடிதவழிப் பேசினார். 13 நாள்களில் இணக்கம் பிறந்தது. ஏவுகணைகளை அகற்றக் குருசேவ் இசைந்தார். கியூபாவின்மேல் படையெடுப்பதில்லை எனக் கென்னடி உறுதி கூறினார். துருக்கியிலிருந்த தம் நாட்டு ஏவுகணைகளை அகற்றவும் மறைவாக உடன்பட்டார்.

அங்கும் படை நின்றது, மறுப்பதற்கில்லை. ஆயினும், அது சொல்லுக்குக் காவலாய் நின்றதேயன்றிச் சொல்லின் இடத்தைக் கவரவில்லை. பகைவனும் மானங்கெடாது பின்வாங்க வழி திறப்பதே தூதின் திறம். குண்டு வீழ்ந்தபின் அவ்வழி அடைபடும். ஆதலின், மாணவர்களே, தூதே முதல். படை அதற்குத் துணை எனக் கொள்ளுங்கள்.