கால் குளிர்ந்தால் தலையை மூடு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். அது எவ்வளவு உயரம் என்பதை, ஜனவரி மாத விடியற்காலையில் சைக்கிள் மிதித்த கால்விரல்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான வருடம் அது. சனிக்கிழமைகளில் காலை ஆறரைக்குக் கணித வகுப்பு. நானாவின் பழைய சைக்கிளில் போவேன். மரக்கறித் தோட்டங்களில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு சூடாகிவிடும். இறக்கத்தில்தான் சோதனை. கால்கள் சும்மா இருக்க, வாவிக்கரைக் காற்று சப்பாத்துக்குள் புகுந்துவிடும்.

“கால் குளிருதெண்டா மொதல்ல தலய மூடுங்க மகள்” என்று வாப்பா தன் கம்பளித் தொப்பியை நீட்டுவார். பர்தாவுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு போனால் வகுப்பே சிரிக்குமே! எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்குக் காலும் தலையும் ஒன்றாகத் தெரிகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் என் அறிவைப் பயன்படுத்தி மூன்று சோடி காலுறைகளைப் போட்டு, சப்பாத்தை இறுக்கிக் கட்டினேன். பாதி வழியில் விரல்கள் மரத்துப் போயின. பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வளைவில் கால் வழுக்கி விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பருகே காலை நீட்டினேன். வாப்பா பதறி இழுத்தார். “மரத்த காலுக்கு நெருப்பு சுடுறதும் வெளங்காது மகள்.” என் பாதங்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய கால்களைப் பார்த்தேன். விரல்கள் சிவந்து, வீங்கி, சில இடங்களில் வெடித்திருந்தன. தினமும் அதிகாலை நான்கு மணிக்கு மரக்கறிச் சந்தைக்குச் சைக்கிளில் போகிறவர். காலில் இறப்பர் செருப்புத்தான். எனக்குச் சப்பாத்து வாங்கிய கடையில் தனக்கு ஏன் ஒன்று வாங்கவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று அவர் சொல்லித் தந்தவை இவை: வுழூச் செய்த பின் விரலிடுக்குகளை நன்றாகத் துடைக்க வேண்டும். கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். உள்ளே விரல் அசைய இடம் வேண்டும். காற்றைத் தடுக்கக் காலுறைக்கு மேல் ஒரு ஷொப்பிங் பேக். தலையிலே தொப்பி.

உயர்தரத்தில் உயிரியல் படிக்க இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்தேன். உடல் வெப்பநிலைச் சீராக்கம் பற்றிய பாடம். உடல் குளிரும்போது, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க, தோலிலும் கைகால்களிலும் உள்ள குருதிக்கலன்கள் ஒடுங்குகின்றன என்றார் ஆசிரியை. தலையையும் நெஞ்சையும் மூடினால் உடம்பு வெப்பத்தை இழப்பது குறையும். காலுக்கும் குருதி போகும். இறுக்கிய காலுறை அந்தக் குருதியைத் தடுக்கும்; அசையாத வளியோ அரிதிற்கடத்தி. எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. புத்தகத்தில் நான் படித்ததை வாப்பா தன் விரல்களில் படித்திருக்கிறார்.

புலமைப்பரிசில் பணத்தில் மிச்சம் பிடித்து, சென்ற விடுமுறையில் அவருக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். ஓரளவு பெரியதாகவே வாங்கினேன், விரல் அசைய.

இங்கே குளிர் இல்லை. ஆனாலும் ஜனவரி வந்தால் விடுதித் தொலைபேசியில் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “வாப்பா, தொப்பி போட்டீங்களா?”